மகுடத்துக்கு மறு ஆண்டு – 5: தோற்கத் தெரியாத அணி

நியூயார்க், 2002 ஏப்ரல் 20. அமெரிக்கக் கால்பந்தில் தொழில்முறை அணிகள் கல்லூரி ஆட்டக்காரர்களைப் பொறுக்கி எடுக்கும் நாள். ஏழாவது பெயராக பிரையன்ட் மெக்கின்னி அறிவிக்கப்பட்டார். 14ஆவது பெயர் ஜெரமி ஷாக்கி. 17ஆவது ஃபிலிப் புக்கானன். 24ஆவது எட் ரீட். 27ஆவது மைக் ரம்ஃப். முதல் சுற்று முடிவதற்குள் ஐந்து பேர். ஐவருமே மியாமி பல்கலைக்கழகத்து மாணவர்கள்.

எல்லாச் சுற்றுகளும் முடிந்தபோது எண்ணிக்கை பதினொன்றாகியிருந்தது. ஒரே ஆண்டில், ஒரே கல்லூரியிலிருந்து பதினொரு பேர்! அந்தக் குடும்பங்களுக்கு அது வாழ்க்கையே மாறிய நாள். கோரல் கேபிள்ஸ் வளாகத்தில் பயிற்சியாளர் லாரி கோக்கருக்கோ, ஆலமரம் போல் நின்ற அணியின் பாதி விழுதுகளை அறுத்து எடுத்துக்கொண்டு போன நாள்.

சென்ற மூன்று அத்தியாயங்களாக மியாமியின் பழைய கதைகளைப் பார்த்தோம். புதிதாகச் சேர்ந்திருக்கும் வாசகர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1983இல் சாம்பியன்; மறு ஆண்டு ஐந்து தோல்விகள். அதில் ஒன்று, முதல் பாதியில் 31-0 என்று முன்னிலையில் இருந்துவிட்டு மேரிலாண்டிடம் 42-40 என்று கோட்டைவிட்டது. 1987இல் சாம்பியன், மறு ஆண்டு நோட்டர் டேமிடம் 31-30, ஒரே ஒரு புள்ளியில் போனது. 1989இல் சாம்பியன், மறு ஆண்டு முதல் ஆட்டத்திலேயே அடி. 1991இல் சாம்பியன், மறு ஆண்டு ஒரு தோல்விகூட இல்லாமல் கடைசி ஆட்டம் வரை வந்து, அங்கே அலபாமாவிடம் 34-13 என்று நொறுங்கியது. நான்கு மகுடங்கள், நான்கு மறு ஆண்டுகள். ஒருமுறைகூட மகுடம் தலையில் தங்கவில்லை.

இப்போது 2001இன் சாம்பியன். ஐந்தாவது மறு ஆண்டு வந்துவிட்டது.

2002இன் மியாமியைப் பற்றி அமெரிக்காவில் யாரிடம் கேட்டாலும் அந்தப் பருவத்தின் ஒரே ஒரு நொடியைத்தான் சொல்வார்கள். அந்த நொடிக்கு இந்த அத்தியாயத்தின் முடிவில் வருவோம். ஆனால் என் கருத்து வேறு. அந்த நொடிக்கான விதை நியூயார்க்கில் அந்த ஏப்ரல் நாளிலேயே விழுந்துவிட்டது. போன ஐவரில் மூவரின் பெயரை மறுபடி பாருங்கள்: ரீட், புக்கானன், ரம்ஃப். மூவரும் பின்வரிசைத் தடுப்பாட்டக்காரர்கள். எதிரணி வீசும் பந்தை வானத்திலேயே பறிப்பவர்கள். அந்த வரிசையின் நான்காவது ஆள் ஜேம்ஸ் லூயிஸும் கல்லூரியை விட்டுப் போய்விட்டார். ஆக, நான்கு இடமும் ஒரே நேரத்தில் காலி.

தொழில்முறை அணியாக இருந்தால் பணத்தைக் கொட்டி ஆட்களைத் தக்கவைக்கலாம், விலைக்கு வாங்கலாம். கல்லூரி அணிக்கு அன்று அந்த வழி இருக்கவில்லை. அன்றைய விதிப்படி மாணவர்களுக்கு உதவித்தொகை மட்டும்தான், சம்பளம் இல்லை. படிப்பு முடிந்தால் போய்விடுவார்கள். திறமைசாலிகள் மூன்றாம் ஆண்டிலேயே போய்விடுவார்கள். நன்றாக ஆடினால் சீக்கிரம் போவார்கள் என்பதால், எவ்வளவு பெரிய வெற்றியோ அவ்வளவு பெரிய இழப்பு. சாம்பியன் அணியின் மறு ஆண்டு கடினமாவதற்கு முதல் காரணம் இதுதான். தலைக்கனம் என்பதெல்லாம் அதற்கு அப்புறம்.

போன அணி எப்பேர்ப்பட்டது என்று தெரிந்தால்தான் இழப்பு புரியும். 2001இல் 12 ஆட்டம், 12 வெற்றி. அடித்த புள்ளிகள் 512, விட்டுக்கொடுத்தவை 117. மூன்று ஆட்டங்களில் எதிரணிக்கு ஒரு புள்ளிகூடக் கிடைக்கவில்லை. அந்த ஓர் அணியில் இருந்தவர்களில் 38 பேர் பின்னாளில் தொழில்முறை அணிகளால் தேர்ந்தெடுக்கப்பட்டார்கள். அமெரிக்கக் கல்லூரி வரலாற்றிலேயே தலைசிறந்த அணி இதுதான் என்று சொல்பவர்கள் ஏராளம். நானும் அந்தக் கட்சிதான்.

கோக்கரின் கதையும் விசித்திரமானது. 2001 ஜனவரியில் தலைமைப் பயிற்சியாளர் புட்ச் டேவிஸ் தொழில்முறை அணிக்குப் போய்விட, யாரை நியமிப்பது என்று நிர்வாகம் கையைப் பிசைந்தபோது, ஆட்டக்காரர்களே போய் நின்று கேட்டார்கள்: வெளியாள் வேண்டாம், எங்கள் கோக்கரே வரட்டும். ஒருகாலத்தில் ஓக்லஹோமாவில் பள்ளி அணிகளுக்குப் பயிற்சி கொடுத்தவர் அவர். கல்லூரி அணி ஒன்றுக்குத் தலைமை ஏற்பது அதுவே முதல் முறை. பொறுப்பேற்ற முதல் ஆண்டிலேயே மகுடம். 1948இல் மிச்சிகனின் பென்னி ஊஸ்டர்பானுக்குப் பிறகு அப்படிச் சாதித்தவர் கிடையாது. ஆக, தலைமைப் பயிற்சியாளராகத் தோல்வி எப்படி இருக்கும் என்று கோக்கருக்குத் தெரியாது.

இன்னொருவருக்கும் கிட்டத்தட்டத் தெரியாது. பந்தைக் கையில் வாங்கி, யாருக்கு வீசுவது என்று முடிவெடுக்கும் குவார்ட்டர்பேக் கென் டார்சி. ஒல்லியான, அமைதியான மனிதர். 2000 செப்டம்பரில் வாஷிங்டனிடம் 34-29 என்று தோற்றதுதான் அவருடைய ஒரே தோல்வி. அவர் படிப்பை முடிக்காமல் போகவில்லை, இறுதியாண்டுக்குத் தங்கினார்.

பந்தைச் சுமந்து ஓட யார்? கிளின்டன் போர்ட்டிஸ் தொழில்முறைக்குப் போய்விட்டார். அடுத்தவர் ஃபிராங்க் கோர். முந்தைய ஆண்டு 62 முறை பந்தைத் தூக்கி 562 யார்டு ஓடியவர். ஒரு தூக்கலுக்குச் சராசரி ஒன்பது யார்டுக்கு மேல். இடம் அவருக்குத்தான் என்று எல்லாரும் நினைத்திருக்க, வசந்தகாலப் பயிற்சியில் அவருடைய முழங்கால் தசைநார் கிழிந்தது. பருவமே போயிற்று.

வரிசையில் அடுத்து நின்றவர் வில்லிஸ் மெக்கேஹி. மியாமிப் பையன். அவர் பெயரை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஒருவரின் முழங்கால் திறந்துவிட்ட கதவு வழியாக அவர் உள்ளே வந்தார்.

*

தொடக்கம் அமர்க்களம். ஃபுளோரிடா ஏ அண்ட் எம் அணியை 63-17. அடுத்து கெயின்ஸ்வில்லுக்கே போய் ஃபுளோரிடாவை 41-16. அந்த ஒரே ஆட்டத்தில் மெக்கேஹி 200 யார்டுக்கு மேல் ஓடினார். டெம்பிள், பாஸ்டன் கல்லூரி, கனெக்டிகட் என்று ஐந்து ஆட்டங்களுக்கு ஐந்து வெற்றி. பழைய ஆட்கள் போனதே தெரியவில்லை.

பிறகு அக்டோபர் 12 வந்தது. ஆரஞ்சு பௌல் மைதானம். எதிரே ஃபுளோரிடா ஸ்டேட்.

இந்த இரண்டு கல்லூரிகளுக்கும் நடுவே உள்ள பகை தெரியாவிட்டால் அன்றைய கடைசி நிமிடம் புரியாது. கம்பங்களுக்கு நடுவே பந்தை உதைத்து மூன்று புள்ளி எடுப்பதற்கு ஃபீல்ட் கோல் என்று பெயர். 1991இல் ஃபுளோரிடா ஸ்டேட் கடைசியில் அப்படி உதைத்தது; பந்து வலப்பக்கம் விலகியது, தோற்றது. 1992இலும் கடைசி உதை, வலப்பக்கம், தோல்வி. 2000இலும் அதேதான், வலப்பக்கமேதான். மூன்று முறையும் உயிர்தப்பியது மியாமி.

2002இல் நான்காவது கால்பகுதியில் மியாமி 27-14 என்று பின்தங்கியிருந்தது. ஃபுளோரிடா ஸ்டேட்டின் ஓட்டக்காரர்கள் மியாமித் தடுப்பாட்டத்தின் நடுவே புகுந்து புறப்பட்டுக்கொண்டிருந்தார்கள். 2001இல் யாரும் செய்யத் துணியாத காரியம் அது. டார்சி எல்லைக்கோட்டுக்கு அப்பால் பந்தைச் சேர்க்கும் டச்டவுன் ஒன்றை வீசி இடைவெளியைக் குறைத்தார். அடுத்து மெக்கேஹியின் கையில் குட்டையாக ஒரு பாஸ் கொடுத்தார். அவர் அதை வாங்கிக்கொண்டு 68 யார்டு பறந்தார். ஜேசன் கீதர்ஸ் கோட்டைத் தாண்டினார். 28-27. மியாமி ஒரு புள்ளி முன்னே.

ஆனால் கடிகாரத்தில் நேரம் மிச்சமிருந்தது. ஃபுளோரிடா ஸ்டேட் பந்தை உருட்டிக்கொண்டே வந்துவிட்டது. கடைசி உதை. 43 யார்டு. சேவியர் பெய்டியா பந்தின் முன் நின்றார். மைதானம் முழுக்க ஒரே நினைப்பு: வலப்பக்கம், வலப்பக்கம் போகட்டும்.

பெய்டியா உதைத்தார். பந்து வலப்பக்கம் போகவில்லை. இடப்பக்கம் விலகிப் போனது!

மியாமி நூலிழையில் தப்பியது. வெற்றிக் கணக்கு ஏறிக்கொண்டே போக, அன்று தடுப்பாட்டத்தில் தெரிந்த ஓட்டையை அரங்கம் மறந்துவிட்டது.

ஓட்டை அங்கேயேதான் இருந்தது. ரட்கர்ஸ் அந்த ஆண்டு 12 ஆட்டங்களில் ஒன்றில் மட்டும் வென்ற அணி. அப்படிப்பட்ட அணி, மூன்று கால்பகுதி முடிந்தபோது மியாமியை 17-14 என்று முந்தியிருந்தது. கடைசிக் கால்பகுதியில் மியாமி 28 புள்ளிகளைக் குவித்து 42-17 என்று வென்றது. மறுநாள் செய்தித்தாளில் கடைசிக் கணக்கை மட்டும் பார்த்தவருக்கு, அது வழக்கமான மியாமி வெற்றியாகத்தான் தெரிந்திருக்கும். டென்னசியில் லட்சம் பேருக்கு மேல் கூடிய அரங்கில் 26-3 என்று அடித்தது உண்மையான பெரிய வெற்றி. அதை மறுக்க மாட்டேன். ஆனால் அடுத்து வந்த பிட்ஸ்பர்க், 28-21 என்று கடைசிவரை கண்ணில் விரலை விட்டு ஆட்டியது.

டிசம்பர் 7, வழக்கமான பருவத்தின் கடைசி ஆட்டம், எதிரணி வர்ஜீனியா டெக். வென்றால் மகுடத்துக்கான இறுதிப் போட்டி. மெக்கேஹி அன்று ஆடியதை ஓர் ஆட்டக்காரர் வாழ்நாளில் ஒருமுறை ஆட முடிந்தால் பெரிது. 205 யார்டு. ஆறு டச்டவுன். கல்லூரிச் சாதனை. கணக்கு 56-45.

அந்த 45ஐப் பாருங்கள். முந்தைய ஆண்டு முழுவதும் மியாமி விட்டுக்கொடுத்ததே 117 புள்ளிகள்தான். இப்போது ஒரே மாலையில் 45. 2002இன் 12 ஆட்டங்களில் விட்டதைக் கூட்டினால் 217 வருகிறது. அதே 12 ஆட்டங்கள், சரியாக நூறு புள்ளி அதிகம். எதிரணிக்குப் புள்ளியே கொடுக்காத ஆட்டம் அந்த ஆண்டு ஒன்றுகூட இல்லை. டார்சியும் மெக்கேஹியும் 503 புள்ளிகள் குவிய வைத்ததால்தான் அந்த நூறு யார் கண்ணிலும் படவில்லை.

எப்படியோ, 12க்கு 12. முந்தைய இரண்டு பருவங்களையும் சேர்த்தால் தொடர்ச்சியாக 34 வெற்றிகள். பயிற்சியாளராக கோக்கர் 24க்கு 24. டார்சி 38 வெற்றி, ஒரு தோல்வி. மெக்கேஹி 27 டச்டவுன். இன்னும் ஒரே ஓர் ஆட்டம். அதை வென்றால், 1994, 1995இல் நெப்ராஸ்கா சாதித்த பிறகு மகுடத்தைத் தக்கவைத்த முதல் அணி.

*

எதிரே வந்தது ஓஹையோ ஸ்டேட். 13 ஆட்டம், 13 வெற்றி. ஆனால் என்ன மாதிரி வெற்றிகள்! சின்சினாட்டியை 23-19. விஸ்கான்சினை 19-14. பென் ஸ்டேட்டை 13-7. இல்லினாயை கூடுதல் நேரத்தில் 23-16. மிச்சிகனை 14-9. பர்டியூவை 10-6. அந்த ஆட்டத்தில், தோல்வி வாசலில் நிற்கும்போது, நான்காவது, அதாவது கடைசி வாய்ப்பில் குவார்ட்டர்பேக் கிரெய்க் கிரென்சல் 37 யார்டு தூரம் பந்தை வீச, மைக்கேல் ஜென்கின்ஸ் அதைப் பிடித்தார். கிரென்சல் மூலக்கூறு மரபியல் படித்த மாணவர். பதற்றம் என்பதே முகத்தில் தெரியாது.

மியாமிதான் 11 புள்ளிகளுக்கு மேல் வித்தியாசத்தில் வெல்லும் என்று பந்தயக்காரர்கள் கணித்தார்கள். ஓஹையோவின் குறுகிய வெற்றிகளை அதன் பலவீனமாகவே பார்த்தார்கள். எனக்கு அது நேர்மாறாகத் தெரிகிறது. கடைசி நிமிடத்தில் கழுத்தில் கத்தி இருக்கும்போது எப்படி மூச்சுவிடுவது என்பதை அந்த அணி ஆண்டு முழுக்கப் பழகியிருந்தது.

இடம், அரிசோனா மாநிலத்தின் டெம்பி நகரில் உள்ள சன் டெவில் அரங்கம். 1987 ஜனவரியில், தோல்வியே காணாமல் வந்த மியாமியை பென் ஸ்டேட் 14-10 என்று கவிழ்த்த அதே அரங்கம். நாள், 2003 ஜனவரி 3. சரியாக ஓராண்டுக்கு முன் அதே தேதியில்தான் நெப்ராஸ்காவை வீழ்த்தி மியாமி மகுடம் சூடியிருந்தது. 77,000 பேருக்கு மேல் கூட்டம்.

டார்சி வீசிய 25 யார்டு பந்தை ராஸ்கோ பாரிஷ் பிடித்து 7-0. இரண்டாவது கால்பகுதியில் ஓஹையோ இரண்டு டச்டவுன்களை அடித்து 14-7 என்று முந்தியது.

மூன்றாவது கால்பகுதி. கோட்டுக்கு அருகே கிரென்சல் வீசிய பந்தை மியாமியின் ஷான் டெய்லர் பறித்தார். எட் ரீட் போன பிறகு பின்வரிசைக்கு வந்த புதிய சிங்கம் அவர். பறித்த பந்தோடு ஓட ஆரம்பித்தார். திரும்பிவிட்டது ஆட்டம் என்று மியாமி ரசிகர்கள் எழுந்து நின்ற வேளையில், ஓஹையோவின் முதலாண்டு மாணவர் மாரிஸ் கிளாரெட் பின்னாலிருந்து துரத்தி வந்து டெய்லரின் கையிலிருந்தே பந்தைப் பிடுங்கிக்கொண்டார். பறித்தவரிடமிருந்து பறிப்பு! அதிலிருந்து ஓஹையோ மூன்று புள்ளி எடுத்தது. 17-7. (ஷான் டெய்லர் 2007இல், தன் வீட்டுக்குள் புகுந்த கொள்ளையர் சுட்டதில் 24 வயதில் இறந்துபோனார். அவர் ஆடியதைப் பார்த்தவர்களுக்கு இன்றும் ஆறாத துயரம் அது.)

மெக்கேஹி ஒன்பது யார்டு ஓடிக் கோட்டைத் தாண்டினார். 17-14. மியாமி நெருங்கிவிட்டது.

நான்காவது கால்பகுதி, ஏறத்தாழப் பதினொன்றரை நிமிடம் மீதி. டார்சி மெக்கேஹிக்குக் குட்டையாக ஒரு பாஸ் கொடுத்தார். ஃபுளோரிடா ஸ்டேட்டுக்கு எதிராக 68 யார்டு பறக்கவைத்த அதே வகைப் பாஸ். பந்தை வாங்கி, இடது காலைத் தரையில் ஊன்றித் திரும்பினார். அந்தக் கணத்தில் ஓஹையோவின் வில் ஆலன் தாழ்ந்து வந்து அந்த முழங்காலில் மோதினார். கால் மடங்கக் கூடாத திசையில் மடங்கியது. தொலைக்காட்சியில் பார்த்தவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். மூன்று தசைநார்கள் கிழிந்திருந்தன. 28 டச்டவுன் ஓடிய மனிதரை வண்டியில் வைத்துத்தான் வெளியே கொண்டுபோக வேண்டியிருந்தது. அவர் இடத்தில் ஜாரட் பேட்டன் இறங்கினார். சிகாகோவின் மாபெரும் ஓட்டக்காரர் வால்டர் பேட்டனின் மகன்.

மியாமி சரணடையவில்லை. இரண்டு நிமிடத்துக்குச் சற்று அதிகமாக இருக்கும்போது, ஒரு பந்தைப் பிடித்தால் ஓஹையோ ஆட்டத்தையே முடித்துவிடலாம் என்ற நிலை. கிறிஸ் கேம்பிள் பிடித்தார். எல்லைக்கு வெளியே என்றார்கள் நடுவர்கள். உள்ளேதான் பிடித்தார், அதோடு அவர் சட்டையையும் பிடித்து இழுத்தார்கள் என்று ஓஹையோ ரசிகர்கள் இன்றும் வாதாடுவார்கள். ஒளிப்பதிவைப் பார்க்கும்போது அவர்கள் பக்கம் நியாயம் இருப்பதாகவே தோன்றுகிறது. இந்தச் சம்பவத்தை நினைவில் வைத்திருங்கள். அடுத்த வாரம் தேவைப்படும்.

தப்பித்த மியாமிக்குப் பந்து வந்தது. ஓஹையோ உதைத்துவிட்ட பந்தை பாரிஷ் வாங்கி 50 யார்டு திருப்பி ஓடினார். நேரம் தீர்ந்துபோகும் கடைசி நொடியில் டாட் சீவர்ஸ் 40 யார்டிலிருந்து உதைத்தார். பந்து கம்பங்களுக்கு நடுவே போனது. 17-17. கூடுதல் நேரம்!

கல்லூரி விதிப்படி, கூடுதல் நேரத்தில் இரு அணிக்கும் எதிராளியின் 25 யார்டு கோட்டிலிருந்து ஆளுக்கொரு வாய்ப்பு. மியாமி முதலில். டார்சி ஏழு யார்டிலிருந்து வீச, கெல்லன் வின்ஸ்லோ பிடித்தார். 24-17.

இனி ஓஹையோ டச்டவுன் அடித்தே ஆக வேண்டும். தடுத்துவிட்டால் மகுடம் மியாமிக்கு. பத்து யார்டு கடக்க நான்கு வாய்ப்பு உண்டு. மூன்று வீணாகி, நான்காவது வாய்ப்பில் 14 யார்டு வேண்டும் என்ற நிலைக்கு வந்தது ஓஹையோ. கிரென்சல் வீசினார். ஜென்கின்ஸ் பிடித்தார். 17 யார்டு. பர்டியூ ஆட்டத்தில் பிடித்த அதே கைகள்.

அங்கிருந்து இன்னும் மூன்று முயற்சிகள். மறுபடியும் நான்காவது வாய்ப்பு, ஐந்து யார்டு கோட்டில், மூன்று யார்டு தேவை. கிரென்சல் கேம்பிளை நோக்கி வீசினார். கேம்பிளை ஒட்டி நின்றவர் கிளென் ஷார்ப். ஏப்ரலில் காலியான அந்தப் பின்வரிசைக்கு வந்த இளைஞர்களில் ஒருவர். இருவரும் கைகலந்தார்கள். பந்து தரையில் விழுந்தது.

முடிந்தது ஆட்டம்! அரங்கத்தின் மேலே வாணவேடிக்கை வெடித்தது. மியாமி ஆட்டக்காரர்கள் தலைக்கவசத்தைக் கழற்றிக்கொண்டு மைதானத்துக்குள் ஓடினார்கள். 35ஆவது வெற்றி. தொடர்ந்து இரண்டாவது மகுடம். நான்கு மறு ஆண்டுகளில் கிடைக்காதது ஐந்தாவதில் கிடைத்துவிட்டது.

சில வினாடிகள் கடந்தன. கோட்டருகே நின்றிருந்த நடுவர் டெர்ரி போர்ட்டர் மஞ்சள் துணியை எடுத்துப் புல்தரையில் வீசினார். ஷார்ப்மீது குற்றம். ஆட்டம் முடியவில்லை. பந்து மறுபடியும் ஓஹையோவுக்கு. கோட்டுக்கு இன்னும் நெருக்கத்தில், புதிதாக நான்கு வாய்ப்புகளோடு.

(அடுத்த வாரம் தொடரும்)